முன்கண்ணாடியின் மேல்விளிம்பு

ஒரு பெண் தணிந்த குரலில் சொன்னதை இன்னும் பலமாகச் சொல்லும்படி கேட்க எங்களுக்கு என்ன உரிமை இருந்தது? இந்தக் கேள்விக்கு இன்னும் விடை தேடிக்கொண்டிருக்கிறேன். தேடும்போதெல்லாம் ஒரு மோட்டார் சைக்கிளின் முன்கண்ணாடியில் போய் முட்டிக்கொள்கிறேன். ஒரு குடும்பம் சிதறியதையும் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் வாயை மூடிக்கொண்டதையும் சொல்ல வந்தவள் காற்றையும் கண்ணாடியையும் பற்றி ஏன் பேசுகிறாள் என்று கேட்பவர்களுக்குத் தோன்றலாம். பெரிய அநியாயங்களுக்குப் பின்னால் பெரிய காரணங்கள் இருக்கும் என்று நானும் பட்டப்படிப்புக் காலத்தில் நம்பியிருந்தேன். ஹேவாஹெட்டப் பாதை அந்த நம்பிக்கையைக் கழற்றி எறிந்துவிட்டது.

போர் முடிந்து சில ஆண்டுகள் கழிந்திருந்த காலம். கண்டியில், குளத்துக்கு மேலே ஏறும் தெரு ஒன்றில் இருந்த தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போய், அங்குள்ள பெண்கள் வெளியே சொல்ல முடியாமல் வைத்திருக்கும் சங்கடங்களைத் தனித்தனியாகக் கேட்டு, யார் சொன்னது என்பது தெரியாமல் அவற்றுக்கு ஒரு வழி தேடுவது எங்கள் பணி. வழி என்றால் பெரிதாக எதுவும் இல்லை. ஒருத்தியை வேறு மலைக்குக் கொழுந்து பறிக்க அனுப்பும்படி தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் வேறொரு காரணம் சொல்லிக் கேட்போம். இன்னொருத்தியை வயிற்று வலி என்று சொல்லிக் கண்டிக்கு அழைத்து வந்து வேறு வைத்தியம் பார்ப்போம். யாருக்கும் தெரியாமல் நடந்தவரை அது உதவி. தெரிந்துவிட்டால் அதுவே அந்தப் பெண்ணுக்குக் கேடு.

அந்தப் பாதையில் நாங்கள் இருவர். நான் அந்தத் தோட்டங்களில் ஒன்றில் பிறந்தவள். மற்றவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். நாற்பது வயதைக் கடந்தவர். அம்பிட்டியவில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தனியே இருந்தார். நான் அவரை அக்கா என்பேன். அவர் என்னைப் பிள்ளை என்பார். கோபம் வந்தால் நீர் என்பார். அவருடைய இடது காது போர்க்காலத்தில், பக்கத்துக் காணியில் விழுந்த ஷெல்லோடு போய்விட்டது. வலது காது நன்றாகக் கேட்கும். பேச வருபவரைத் தன் வலப்பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, தலையைச் சற்றே சாய்த்து, கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு கேட்பார். அந்த ஒற்றைக் காதில்தான் எங்கள் வேலை முழுவதும் தொங்கிக்கொண்டிருந்தது.

அக்காவுக்குப் பதிலாகப் பெண்களின் பேச்சைக் கேட்க என்னையே அனுப்பினால் என்ன என்று எங்கள் நிறுவனத்தை நடத்திய பணிப்பாளர் ஒரு முறை கேட்டார். அவருக்குத் தோட்டம் தெரியாது. தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளைத்தான் லயம் என்பார்கள். எனக்கு அங்கே ஒவ்வொரு லயத்திலும் ஒரு சித்தியோ மாமியோ இருந்தார்கள். ஆரம்பத்தில் ஒருத்தி என்னிடம் பேச வந்து, வாசலிலேயே நின்று, சிரித்துவிட்டுச் சொன்னாள்:

“ஒங்கிட்ட சொன்னா ஒங்கம்மாவுக்குத் தெரியும். ஒங்கம்மாவுக்குத் தெரிஞ்சா கோயில் கமிட்டிக்குத் தெரியும். அதுக்கு நானே மைக்குல சொல்லிட்டுப் போயிருவேனே!”

அக்கா அந்நியர். அவருக்கு அந்த மலையில் கொண்டவரும் இல்லை, கொடுத்தவரும் இல்லை. அவரை அவர்கள் ‘யாழ்ப்பாணத்து டீச்சர்’ என்றார்கள். அவர் ஆசிரியை அல்லர்; ஆனால் அந்த மரியாதைக்கு வேறு பெயர் அங்கே கிடைக்கவில்லை.

லயத்தில் காம்பரா எனப்படும் ஒற்றை அறை வீடுகளின் நடுச்சுவர் கூரைவரை போவதில்லை. ஒரு வீட்டு அடுப்புப் புகை அடுத்த வீட்டுக்குத் தாண்டிப் போகும், பேச்சும் அப்படியே. அதனால் அங்குள்ள பெண்களுக்கு ஒரு பேச்சுமுறை உண்டு. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, உதடு அசைவது தெரியாமல், மூச்சைவிடச் சற்றே கூடிய சத்தத்தில் சொல்வார்கள். சுளகில் அரிசி புரளும் ஓசை பேச்சை மூடிக்கொள்ளும். அந்தக் குரலைப் பிடிக்க நல்ல காது வேண்டும். அக்கா பிடித்துவிடுவார். “நான் ஒருத்தரிட்டையும் ரெண்டாந்தரம் கேக்கிறேல்ல பிள்ளை,” என்று பெருமையாகச் சொல்வார். “ரெண்டாந்தரம் சொல்லேக்க அதுகள் பாதியை விழுங்கிப் போடுங்கள்.”

அதுவரை பேருந்தில் போய்க்கொண்டிருந்தோம். அதில் ஒரு சிக்கல். பின்னேரம் பறித்த கொழுந்தை எடைபோட்டு முடித்த பிறகுதான் பெண்களுக்கு ஓய்வு. கண்டிக்குத் திரும்பும் கடைசிப் பேருந்தோ அதற்கு முன்பே போய்விடும். மோட்டார் சைக்கிள் கேட்டோம். வெளிநாட்டிலிருந்து நிதி தருபவர்களின் உதவியில் அது வந்தது. தேங்காய் உடைத்து, மாலை போட்டு, சாவியைக் கொடுத்தார்கள். முன்னால் உயரமான, வளைந்த, ஒளி ஊடுருவும் கண்ணாடி ஒன்று பொருத்தியிருந்தார்கள். கண்ணாடி என்றாலும் அது பிளாஸ்டிக்தான். அதன் மேற்பகுதியில், இரண்டு கைகள் ஒரு தளிரை ஏந்தி நிற்கும் எங்கள் நிறுவனத்தின் இலச்சினை பச்சையில் பதிக்கப்பட்டிருந்தது. மழைக்கும் குளிருக்கும் நல்லது என்று எல்லாரும் மகிழ்ந்தோம்.

வடக்கில் பெண்கள் மோட்டார் சைக்கிள் ஓட்டுவது சாதாரணம். அக்கா நன்றாக ஓட்டுவார். நான் பின்னால் உட்கார்ந்தேன். தலாத்துஓயாவைத் தாண்டி மலை முகட்டுப் பாதைக்கு ஏறியதும் அவருடைய ஹெல்மட் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கியது. யாரோ இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்து உலுக்குவதைப் போல இருந்தது, பின்னாலிருந்து பார்க்கும்போது. தோட்டத்தில் இறங்கியதும் ஹெல்மட்டைக் கழற்றிவிட்டு, கைப்பிடியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

“என்னக்கா, தலை சுத்துதா?”

“காதுக்குள்ள நெல்லு மில் ஓடுது. எங்கட ஊர் வல்லைவெளியிலயும் காத்துத்தான். ஆனா அது ஒரு பக்கத்தால வந்து மற்றப் பக்கத்தால போகும். உங்கட மலைக் காத்துக்கு ஒழுங்கும் இல்லை, வேலைவெட்டியும் இல்லை.”

சிரித்தோம். அந்த இரைச்சல் அடங்க நேரம் எடுத்தது. அதுவரை அவர் என் வாயைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொண்டார் என்பதை நான் கவனித்தேன். அன்று இரண்டு பெண்களைச் சற்றுக் காத்திருக்கவைத்தோம்.

பிறகு அது வழக்கமாயிற்று. தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், அதாவது கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் இடத்தில், அக்கா போய் உட்கார்ந்துவிடுவார். அங்கே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாம்மா பால் சேர்க்காத தேநீரைச் சாயத்தண்ணி என்று ஊற்றிக் கொடுப்பார். காதில் இரைச்சல் நின்ற பிறகே லயத்துக்குப் போவோம். காதில் பஞ்சை அடைத்துப் பார்த்தோம். அன்று மரஸ்ஸனவுக்கு அருகே, வளைவில் பின்னால் வந்த பேருந்தின் ஹோன் ஓசை அக்காவுக்குக் கேட்கவே இல்லை. நான் அவர் முதுகில் அடித்த பிறகுதான் ஓரம் கட்டினார். ஒற்றைக் காதுக்காரர் அந்தக் காதையும் அடைத்துக்கொண்டு மலைப்பாதையில் ஓட்ட முடியாது. பஞ்சை எறிந்துவிட்டோம்.

ஆயாம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பிறந்து வளர்ந்தது அந்த லயத்தில். அங்கே காற்று என்றால் இடுக்கு. இடுக்கு என்றால் அடைக்க வேண்டிய ஒன்று. தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே, கதவுக்கும் நிலைக்கும் நடுவே எல்லாம் கிழிந்த சாக்கையும் பழைய கம்பளியையும் திணித்து வைத்திருப்பார்கள். நானும் சிறு வயதில் திணித்திருக்கிறேன். ஒரு நாள் நாங்கள் லயத்திலிருந்து திரும்பி வரும்போது, முன்கண்ணாடியின் அடிப்பக்கத்துக்கும் விளக்குக்கும் நடுவே இருந்த இடைவெளி முழுவதையும் அவர் கம்பளித் துண்டால் அடைத்து, கயிற்றால் வரிந்து கட்டியிருந்தார்.

“இந்த ஓட்ட வழியாத்தான் காத்து உள்ளுக்க வருது டீச்சர். நான் பாத்துட்டேன். இனி ஒரு பொட்டுக் காத்து வராது, போங்க.”

அக்கா அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னார். எனக்கும் அது சரியாகவே பட்டது. திரும்பும் வழியில் ஹெல்மட் முன்னைவிட மோசமாக ஆடியது. பருவக்காற்று தொடங்கிவிட்டது, அதனால்தான் என்று எங்களுக்கு நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். கம்பளியை எடுக்கவில்லை. அவ்வளவு அன்போடு கட்டியதை எடுக்க மனம் வரவில்லை. பல வாரங்கள் அந்தக் கம்பளியோடே ஓடினோம். அதே வாரங்களில் இரைச்சல் அடங்கும் நேரமும் நீண்டுகொண்டே போனது.

கெலிஓயாவில் முச்சக்கர வண்டிகளுக்கு முன்கண்ணாடியும் இருக்கை உறையும் போடும் கடை ஒன்று இருந்தது. அதை நடத்திய, எல்லாரும் நானா என்று அழைத்த முஸ்லிம் அண்ணனிடம் வண்டியைக் கொண்டுபோனோம். வேலையைவிடப் பேச்சு அவருக்கு அதிகம். அக்காவை அவர்கள் வழக்கப்படி ராத்தா என்றார். கண்ணாடியின் உச்சியில் இன்னும் ஒரு துண்டு வைத்து உயர்த்தினால் காற்று தலைக்கு மேலால் போய்விடும் என்று சொல்லி, நாங்கள் யோசிப்பதற்குள் ஒரு துண்டைப் பொருத்தியும் விட்டார். அக்கா கம்பளை வீதியில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

“எப்படி ராத்தா, சொகமா?”

“நெல்லு மில் இப்ப மர ஆலை ஆகிட்டுது.”

நானா விழுந்து விழுந்து சிரித்தார். “அப்ப அது சரிவராது. கழட்டிருவோம்.” கழற்றும்போது அடியில் இருந்த கம்பளியைக் கண்டார். “இது என்ன ராத்தா, வண்டிக்குப் போர்வையா? காய்ச்சலா அதுக்கு?” என்று சொல்லி அதையும் உருவிப் போட்டார். கம்பளி போனதும் சற்றே குறைந்தது. ஏன் என்று மூவருமாக யோசித்தோம். கண்ணாடிக்குப் பின்னால் காற்றே இல்லாத ஒரு பள்ளம் உண்டாகிறது. மேல்விளிம்பைத் தாண்டி வரும் காற்று அந்தப் பள்ளத்துக்குள் புரண்டு விழுகிறது. அடியில் ஒரு வழி இருந்தால் அங்கிருந்தும் கொஞ்சம் காற்று வந்து பள்ளத்தை நிரப்பும், மேலே புரளுவது குறையும். அடைக்க வேண்டியதென்று நாங்கள் நினைத்த இடுக்கு திறந்து வைக்கவேண்டிய இடுக்காக இருந்தது.

மீதியை அக்காவே கண்டுபிடித்தார். ஓடிக்கொண்டிருக்கும்போதே கால்மிதியில் சற்று எழுந்து நின்றார். தலை மேல்விளிம்பின் வீச்சைத் தாண்டியதும் உலுக்கல் நின்றது. காற்று நேராக முகத்தில் அடித்தது, ஆனால் ஆட்டவில்லை. உட்கார்ந்ததும் மறுபடி ஆட்டியது. “அடிக்கிற காத்து வேற, ஆட்டுற காத்து வேற,” என்று வந்து சொன்னார். “அடிச்சாத் தாங்கலாம்.” எழுந்து நின்று ஓட்ட முடியாது. ஆகவே கண்ணாடியைத்தான் தாழ்த்த வேண்டும். நானா அவரை உட்காரவைத்து, சோக்கட்டியால் கண்ணாடியில் ஒரு கோடு போட்டார். உச்சியிலிருந்து நாலு விரல் கீழே. இவ்வளவை வெட்டிவிட்டால் மேல்விளிம்பின் காற்று தோளோடு போய்விடும்.

கோடு இலச்சினையின் இரண்டு கைகளுக்கும் குறுக்காகப் போயிற்று. நானா கைவாளை எடுத்துவிட்டு எங்களைப் பார்த்தார். அலுவலகத்தின் சொத்து, கேட்காமல் வெட்டக்கூடாது என்று நான்தான் சொன்னேன். அக்காவும் ஒப்புக்கொண்டார். அடிப்பக்கத் திருகாணிகளில் வளையங்கள் வைத்துக் கண்ணாடியைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துக்கொண்டு திரும்பினோம். பாதி நிவாரணம் கிடைத்தது. பாதி கிடைக்கவில்லை.

பணிப்பாளர் பொல்லாதவர் அல்லர். எங்களை உட்காரவைத்து, தேநீர் வரவழைத்து, முழுவதையும் கேட்டார். பிறகு சொன்னார்:

“அடுத்த மாசம் நிதி தர்றவங்க நேர்ல வர்றாங்க, மிஸ். நம்ம வண்டி தோட்டத்துக்குள்ள போறத அவங்க படம் எடுப்பாங்க. வண்டியில லோகோ தெரியணும். கண்ணாடிய வெட்டினா அந்த ரெண்டு கையும் வெட்டுப்படும். கை வெட்டுப்பட்ட லோகோவ நான் யாருக்குக் காட்டுறது?”

“அப்ப என்ர காது வெட்டுப்பட்டாப் பரவாயில்லையோ சேர்?”

“ஐயோ, கோவிக்காதீங்க. விசிட் முடியட்டும். அதுக்குப் பிறகு கண்ணாடியையே கழட்டிப்போடுங்க, நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்.”

“லோகோவ பெட்ரோல் எண்ணெய்த் தாங்கியில ஒட்டினா என்ன?” என்று நான் கேட்டேன். ஒப்பந்தத்தில் முன்பக்கம் என்று இருக்கிறது என்றார். அவருடைய நியாயத்தையும் நான் அன்று எடைபோட்டுப் பார்த்தேன். நிதி நின்றால் எங்கள் பிரிவே மூடப்படும். பிரிவு மூடப்பட்டால் யாரும் யாரையும் கேட்கப் போவதில்லை. ஒரு மாதம்தானே. அக்கா பிள்ளைக் காம்பராவில் கூடுதல் நேரம் உட்கார்ந்து போகட்டும். அந்த அறையில் இருந்த மூவருக்கும் அது அறிவுள்ள முடிவாகவே தோன்றியது. எடைபோடத் தெரிந்தவர்கள் என்று எங்களைப் பற்றி நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். தராசின் ஒரு தட்டில் ஏற வேண்டியவள் யார் என்பதை எவருமே கேட்கவில்லை.

அவள் என்னைவிட இளையவள். கைக்குழந்தைக்காரி. கணவன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. இவள் மாமியாரோடு லயத்தில் இருந்தாள். முன்பு ஒரு தடவை அக்காவிடம் அரைகுறையாக ஏதோ சொல்லியிருந்தாள். கொழுந்து மலையில் வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை அவளை நிம்மதியாக இருக்க விடவில்லை என்பது வரைக்கும் அக்கா என்னிடம் சொன்னார். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: காரணம் எவருக்கும் தெரியாமல் வேறு மலைக்கு மாற வேண்டும். மாமியாருக்குத் தெரியக்கூடாது; கணவனுக்குத் தெரியவே கூடாது. அதைச் செய்து தர முடியும் என்று அக்கா வாக்குக் கொடுத்திருந்தார். முழுவதையும் ஒரு முறை கேட்டுவிட்டால் துரையிடம் எப்படிப் பேசுவது என்று முடிவு செய்யலாம்.

அன்று முகட்டுப் பாதையில் காற்று கீழிருந்து மேலே வந்துகொண்டிருந்தது. பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனியை அள்ளிக்கொண்டு வந்து வண்டியின் பக்கவாட்டில் மோதியது. உயரமான கண்ணாடி பாய்மரம் போல அதை வாங்கிக்கொண்டது. அக்காவின் முன்னங்கைகள் விறைத்திருந்தன. ஹெல்மட் ஆடியதைப் பார்க்க முடியாமல் நான் கண்ணை மூடிக்கொண்டேன். தோட்டத்தில் இறங்கியபோது அவர் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் பிள்ளைக் காம்பராவின் படியில் கால்வைக்கும்போதே அந்தப் பெண் ஓடி வந்தாள். தலையில் மழைக்குப் போர்த்தும் சாக்குக் கொங்காணி அப்படியே இருந்தது. மலையிலிருந்து முன்னதாகவே நழுவி வந்திருக்கிறாள்.

“டீச்சர், இப்பவே வாங்க. அத்த கடைக்குப் போயிருக்கு. வந்திருச்சின்னா நான் வாயே தொறக்க ஏலாது.”

அக்கா என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகலாமே என்று நான் சொன்னேன். அவருக்கு அது கேட்டதோ இல்லையோ, எனக்குத் தெரியாது. அவள் பின்னால் போய்விட்டார்.

நான் வழக்கம்போல லயத்தின் கோடியில் இருந்த தண்ணீர்ப் பைப்படியில் நின்றேன். தண்ணீர் பிடிக்க வந்த பெண்களோடு ஏதாவது பேசிக்கொண்டிருப்பது என் வேலை. பேச்சு நடந்தால் அவர்கள் கவனம் அங்கே போகாது. ஒருத்தி என் கல்யாணத்தைப் பற்றிக் கேலி செய்துகொண்டிருந்தாள். “படிச்சது போதும்டி. இன்னும் படிச்சா ஒனக்கு நாங்க பல்கலைக்கழகத்துலதான் மாப்பிள்ளை கேட்டுப் போவணும்.” எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்கும்போது அக்காவின் குரல் கேட்டது.

“கொஞ்சம் பலமாச் சொல்லும் பிள்ளை. காது இரையுது.”

தன் குரல் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. சுளகில் அரிசி புரளும் ஓசைகூட இல்லை. பிறகு மறுபடியும்: “விளங்கேல்ல, பிள்ளை. இன்னும் கொஞ்சம் பலமா.”

மாமியார் வந்துவிடுவாள் என்ற அவசரம் அவளுக்கு. அவள் சொன்னாள். பலமாகவே சொன்னாள். ஒரே மூச்சில், கணக்கப்பிள்ளை செய்ததையும், எந்த இடத்தில் என்பதையும், தான் ஏன் அன்று கத்தவில்லை என்பதையும் சொன்னாள். அந்த வாக்கியங்களை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஊர் ஒரு முறை கேட்டது போதும். பைப்படியில் எவரும் அசையவில்லை. ஒருத்தியின் வாளி நிரம்பி வழிந்துகொண்டே இருந்தது. அவள் பைப்பை மூடவில்லை. என்னைக் கேலி செய்தவள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் பெண்ணின் பக்கத்துக் காம்பராவிலிருந்து கணக்கப்பிள்ளையின் மைத்துனி வெளியே வந்து, படியில் நின்று, கூந்தலை முடிந்துகொண்டாள்.

அக்கா வெளியே வந்தார். முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. முழுவதையும் கேட்டுவிட்ட தெளிவு. “ஏன் பிள்ளை, எல்லாரும் என்னைப் பாக்கினம்?” என்று கேட்டார். நான் அவருடைய வலப்பக்கம் போய் நின்று சொன்னேன். அவர் நம்பவில்லை. “மெதுவாத்தானே சொன்னவள்? எனக்கே மட்டுமட்டாத்தான் கேட்டது,” என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. திரும்பி அந்தக் காம்பராவைப் பார்த்தார். கதவு உள்ளே தாழிடப்பட்டிருந்தது.

அடுத்து நடந்ததைச் சுருக்கமாகவே சொல்ல முடியும், ஏனென்றால் அது மிகச் சுருக்கமாக நடந்தது. கோயில் கமிட்டி கூடியது. குடும்ப மானம் என்றார்கள், தோட்டத்து மானம் என்றார்கள். கணக்கப்பிள்ளை சூடம் அடித்துச் சத்தியம் செய்தான். கணவன் கொழும்பிலிருந்து வந்திருந்தான். அவனும் மாமியாரும் பார்த்துக்கொண்டிருக்க, அப்படி எதுவும் நடக்கவில்லை, டீச்சரம்மா ஏதோ தப்பாக எடுத்துக்கொண்டார் என்று அவள் சொன்னாள். அக்காவும் நானும் கோயிலுக்குப் போனபோது எங்களைப் படியேற விடவில்லை. “நாலு செவுத்துக்குள்ள இருந்தத மைக் போட்டு விட்டுட்டீங்களே டீச்சர்,” என்று ஆயாம்மா மட்டும் சொன்னார். அதில் கோபம் இல்லை. அதனால்தான் அது இன்னும் வலிக்கிறது. அந்த மாதமே அவளைக் கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். கைக்குழந்தை மாமியாரிடம். கணக்கப்பிள்ளை அதே மலையில் வேலை வாங்கிக்கொண்டிருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்பிட்டியவுக்குப் போனேன். அக்கா முற்றத்தில் வண்டியைப் போட்டு, கைவாளால் கண்ணாடியை வெட்டிக்கொண்டிருந்தார். நானா போட்ட கோட்டின் மேலேயே வாள் போய்க்கொண்டிருந்தது. நான் தடுக்கவில்லை. கண்ணாடியைப் பிடித்துக்கொண்டேன். பச்சைத் தூள் எங்கள் மடியில் கொட்டியது. வெட்டிய விளிம்பை அவர் உப்புத்தாளால் தேய்த்து மழமழப்பாக்கினார்.

நிதி தருபவர்கள் வந்தார்கள். வெட்டுப்பட்ட கைகளைக் கண்டதும் பணிப்பாளரின் முகம் வெளுத்தது. வண்டியை அவர்கள் வந்த வேனுக்குப் பின்னால் மறைத்து நிறுத்தச் சொன்னார். அந்த முன்னெச்சரிக்கைக்குத் தேவையே இருக்கவில்லை. அவர்கள் மூடுபனியைப் படம் எடுத்தார்கள். பிள்ளைக் காம்பராவின் குழந்தைகளைப் படம் எடுத்தார்கள். கூடையோடு நின்ற ஒரு பெண்ணைச் சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். வண்டி எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. திரும்பும்போது பணிப்பாளர் நிம்மதியோடு என்னிடம் சொன்னார்: “நல்லவேளை மிஸ், யாரும் கவனிக்கல.”

கவனிக்கப்படாத ஒன்றுக்காகத்தான் ஒரு மாதம் காத்திருந்தோம் என்று அவரிடம் சொல்ல வாய் வந்தது. அவருக்கு அது தெரிந்திருக்கவேண்டும். தெரிந்தும் நிம்மதியாக இருந்தார். நல்ல நோக்கம் உள்ளவர்களிடம் எனக்கு இருந்த பொறுமை அந்த வேனுக்குப் பக்கத்தில் தீர்ந்துபோயிற்று. கெட்ட நோக்கம் உள்ளவனை அந்த மலையில் எல்லாருக்கும் தெரியும். அவனிடமிருந்து விலகி நடப்பார்கள். எங்களை நம்பியல்லவா அவள் கதவைத் திறந்தாள்?

அதன் பிறகு ஒரே ஒரு முறை அக்காவோடு முகட்டுப் பாதையில் போனேன். காற்று அன்றும் பலமாக இருந்தது. ஹெல்மட் ஆடவில்லை. காற்று நேராக வந்து, நேராகவே போயிற்று. தோட்டத்தில் இறங்கி ஹெல்மட்டைக் கழற்றியதும் அவர் வலது காதை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டார். தூரத்தில் கொழுந்து நிறுக்கும் இடத்தின் பேச்சு கேட்டது. ஒரு குழந்தை அழுவது கேட்டது.

“இப்ப எல்லாம் வடிவாக் கேக்குது பிள்ளை. இனி ஆர் வந்து சொல்லப் போகினம்?”

பின்னேரம் முழுவதும் பிள்ளைக் காம்பராவில் உட்கார்ந்திருந்தோம். ஆயாம்மா சாயத்தண்ணி தந்தார். ஒருவரும் வரவில்லை.

அந்த ஆண்டு முடிவதற்குள் அக்கா வேலையை விட்டு வடக்குக்குத் திரும்பிவிட்டார். அவருடைய இடத்துக்கு வேறு எவரையும் எடுக்கவில்லை. அலுவலகத்தின் புதிய மோட்டார் சைக்கிள்கள் முன்கண்ணாடி இல்லாமலே வருகின்றன. இலச்சினையை எண்ணெய்த் தாங்கியில் ஒட்டுகிறார்கள். அந்தத் தோட்டத்துக்கு இப்போது நான் மட்டும் பகல் பேருந்தில் போய், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டு, பெண்கள் மலையிலிருந்து இறங்குவதற்கு முன்பே திரும்பிவிடுகிறேன்.